முன்னால் இருப்பவன் பேசக் கூடாது

எனக்கு இப்போது தொண்ணூற்று நான்கு கிலோ. நந்தனத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த வேலை. மாற்றலாகி வரும் புது ஆட்களிடம், "சார் நாட்டுக்காகப் படகு வலிச்சவர்" என்று யாராவது சொல்லிவைப்பார்கள். அவர்கள் என் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்க சார், முட்டுக்காட்டுலயா?" என்று கேட்பார்கள். ஆமாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாருங்கள், பெடல் போட்டில் நானே உட்காரவைத்து அனுப்புகிறேன் என்பேன். விளக்கிச் சொல்லும் பொறுமையெல்லாம் எப்போதோ போய்விட்டது.

இங்கே ஒரு தடவை விளக்கித் தொலைக்கிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் வலித்தது இரட்டையர் படகு. இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு, இரண்டு கிலோமீட்டர் நேர்கோடு. போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவன் வேகத்தை வைப்பான். அவனுக்குப் பின்னால் இருப்பவன் அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது திரும்பி வழியும் பார்த்துக்கொள்வான். நான் முன்னால். அவன் பின்னால். ஆறு வருடம் அவன் என் முதுகையும் என் துடுப்பையும் பார்த்துக்கொண்டே வலித்தான். படகுக்குள் நான் அவனைப் பார்த்ததே இல்லை, மூச்சைத்தான் கேட்டிருக்கிறேன்.

இதனால் எங்கள் பயிற்சியாளர் ஒரு விதி வைத்திருந்தார். ராணுவத்திலிருந்து வந்தவர், தமிழும் இந்தியும் கலந்து திட்டுவார். போட்டி முடிந்து கரைக்கு வந்ததும் என்ன நடந்தது என்று பின்னால் இருப்பவன் மட்டும்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பார்த்தவன் அவன்தான். முன்னால் இருப்பவன் வாயைத் திறக்கவே கூடாது. இரண்டு பேரும் பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் படகு உடையும் என்பார். மற்ற முகாம்களில் இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது சட்டமாகவே இருந்தது.

அவன் பட்டினப்பாக்கத்துக் குப்பத்துக்காரன். அப்பா கட்டுமரத்தில் போவார், அம்மா மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் கூடை வைத்து மீன் விற்பார்கள். என் வீடு அதே தெருவில். அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர். என் அம்மா வாரத்தில் மூன்று நாள் அவன் அம்மாவிடம் பேரம் பேசி, செவுள் சரியில்லை என்று இரண்டு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். கல்லூரியில் அவனும் நானும் பழகி, ஒருநாள் அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிறகுதான் யார் பிள்ளை என்று தெரிந்தது. அம்மா ஒரு வாரம் பேரம் பேசாமல் வாங்கினாள். எட்டாம் நாள் பழையபடி செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

நான் படகுக்கு வந்தது கிரிக்கெட் அணியில் கழித்துக் கட்டியதால். அவன் வந்தது, பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பாலும் முட்டையும் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதால். அடையாற்றுத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று ஊருக்கே தெரியும். படகு கவிழ்ந்தால் முதலில் வாயை மூடு, நீச்சல் அப்புறம் என்பதுதான் முதல் நாள் பாடம். எனக்குக் குமட்டும். அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை. "எங்க ஊட்டு வாசல் மச்சி இது" என்று சொல்லிவிட்டு, துடுப்பில் மாட்டிய பிளாஸ்டிக் பையைக் கையால் எடுத்துப் போடுவான்.

எங்களுடையது எடை குறைந்தோர் பிரிவு. அதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பேரின் சராசரி எடை எழுபது கிலோவைத் தாண்டக் கூடாது. அதாவது நான் எழுபத்தொன்றரை இருந்தால் அவன் அறுபத்தெட்டரைக்கு வந்தாக வேண்டும். எனக்கு எலும்பே கனம் என்று சொல்லிக்கொள்வேன். எலும்பு இல்லை, வாய். சாப்பாட்டைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. என் வயிற்றுக்கு அவன் பட்டினி கிடந்தான். முட்டை கிடைக்கும் என்று விளையாட்டுக்கு வந்தவன், விளையாட வந்த பிறகு முட்டையின் வெள்ளையைக்கூட பாதிதான் தின்றான்.

நான் சொல்ல வந்த போட்டி வெளிநாட்டில், மலைகளுக்கு நடுவே ஒரு ஏரியில் நடந்தது. அவ்வளவு சுத்தமான தண்ணீரை நாங்கள் இருவரும் அதற்கு முன் பார்த்ததில்லை. போட்டிக்கு முந்தின நாள் தராசில் ஏறினால் நான் அவனிடம் சொல்லியிருந்ததைவிட அரைக் கிலோ அதிகம். காலை உணவில் ரொட்டியும் ஜாமும் இருந்தன. ஒரு துண்டு என்றுதான் ஆரம்பித்தேன்.  அந்த அரைக் கிலோவை ஈடுகட்ட அவன் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடினான். சூயிங்கம் மென்று மென்று எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பினான். மறுநாள் எடை பார்க்கும்போது இருவரும் சேர்ந்து சரியாக நின்றோம். அவன் உதடு வெடித்திருந்தது.

முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் பதக்கம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் வரை நாங்கள் மூன்றாவது. முன்னால் இருப்பவன் தலையைத் திருப்பக் கூடாது, நேரே வந்த வழியை மட்டும் பார்க்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓரத் தடத்தில் நான்காவதாக வருபவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று ஒரு தடவை பார்த்துவிட ஆசைப்பட்டேன். ஆசை என்றால் பதக்கத்தின் மேல்கூட இல்லை, தோற்றுக்கொண்டிருப்பவனின் முகத்தைப் பார்க்கும் ஆசை. தலை திரும்பியதும் கை சாய்ந்தது. இடது துடுப்பு கோணலாக இறங்கித் தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டது. பிடி வந்து விலாவில் அடித்தது. படகு சடாரென்று நின்று குறுக்கே திரும்பியது. நான் துடுப்பை உருவி எடுப்பதற்குள் மற்ற ஐந்து படகும் போய்விட்டன.

கரையோரம் சைக்கிளில் வந்துகொண்டிருந்த பயிற்சியாளருக்கு அந்த இடத்தில் மரங்கள் மறைத்தன. மரங்களைத் தாண்டியதும் படகு நின்றிருந்ததைத்தான் பார்த்தார், யாரால் நின்றது என்று பார்க்கவில்லை. கரைக்கு வந்தோம். அவர் விதிப்படி அவனைப் பார்த்துக் கேட்டார். அவன் நிற்க முடியாமல் மிதவைப் பலகையில் உட்கார்ந்திருந்தான். "என் துடுப்பு சார், மாட்டிக்கிச்சு. கண்ணு இருட்டிக்கிச்சு" என்றான். அவன் இருந்த கோலத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். பயிற்சியாளர் நம்பினார். நான் விலாவைப் பிடித்துக்கொள்ளாமல் நேராக நின்றேன். பிடித்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று பயம்.

விதி இருந்தது, பேசவில்லை. இப்படித்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். வெட்கமாக இருக்கிறது. விதி இல்லாமலிருந்தாலும் நான் பேசியிருக்க மாட்டேன்.

திரும்பி வரும்போது விமானத்தில் கேட்டேன், ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று. "ரெண்டு பேரையும் தூக்கிட்டானுங்கன்னா நமக்கு யாரு கீறா? நீ உள்ள இரு. உனுக்கு இங்கிலீஷ் வரும், பேசத் தெரியும். நீ உள்ள இருந்தா என்னியும் கூப்டுக்குவ" என்றான். சொல்லிவிட்டு, எனக்கு வைத்த ரொட்டியையும் எடுத்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான்.

பயிற்சியாளர் அவனைப் பற்றி அறிக்கை எழுதினார். நெருக்கடியில் நிலைகுலைபவர், அடுத்த முகாமுக்குப் பரிந்துரை இல்லை. என் பெயர் பட்டியலில் இருந்தது. எனக்குப் பின்னால் வேறொருவனை உட்காரவைத்தார்கள். நீக்கப்பட்ட பிறகும் என் பழைய கூட்டாளி ஒரு வருடம் தினமும் காலையில் ஆற்றுக்கு வந்தான். யாருக்கும் தேவைப்படாத ஒரு பழைய ஒற்றையாள் படகை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே வலிப்பான். முடிந்ததும் என் பக்கம் பார்ப்பான், கேட்க மாட்டான். நானும் அடுத்த பட்டியல் வரட்டும், அதற்கடுத்தது வரட்டும் என்று இருந்தேன். வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் அவன் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

நான் மேலும் மூன்று வருடம் வெளிநாடு போனேன். பதக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் போனதற்குச் சான்றிதழ் உண்டு, சான்றிதழுக்கு வேலை உண்டு. அதற்குள் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவி, படகும் முடிந்தது. எங்கள் பிரிவையே இப்போது ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டினி கிடக்க இனி ஆள் வேண்டாமாம்.

அவன் குப்பத்து வீட்டைக் காலி செய்யவைத்து, ஊருக்கு வெளியே செம்மஞ்சேரியில் நான்காம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பிறகு மந்தைவெளியிலேயே மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். காலையில் முதல் பஸ் பிடித்து வந்து, சாயங்காலம் திரும்பிப் போவான். வண்டி தூரத்தில் தெரிந்தால் நான் ஸ்கூட்டரைப் பக்கத்துச் சந்தில் திருப்பிவிடுவேன். மந்தைவெளியில் சந்துக்குப் பஞ்சமில்லை.

போன வருடம் அடையாற்றங்கரையில் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு படகுப் பயிற்சி மையம் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் தேவை. கொட்டகைக்குப் பின்னால் குடும்பத்தோடு தங்க அறையும் சமையலறையும் உண்டு. தேர்வுக் குழுவில் மூன்று பேர். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தலைவர், அடையாறில் கம்பெனி நடத்தும் ஒருவர், மூன்றாவது, முன்னாள் சர்வதேச வீரர் என்ற பெயரில் ஒப்புக்கு நான். விண்ணப்பங்களைப் புரட்டும்போது அவன் கையெழுத்து வந்தது. மகள் பத்தாம் வகுப்பு போகிறாள், பக்கத்திலேயே இருந்தால் பள்ளிக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று, கேட்காத இடத்தில் எழுதியிருந்தான். சாதனைகள் என்ற கட்டத்தில் அந்த ஒரு போட்டி மட்டும்.

அன்று வெள்ளைச் சட்டையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு எல்லோருக்கும் சேர்த்து "வணக்கம் சார்" என்றான். அந்த சாரில் நானும் இருந்தேன். படகைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். தோளில் வைத்த விதத்திலேயே தெரிந்தது, அவன் எதையும் மறக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் வேறு யாராலும் அப்படித் தூக்க முடியாது. எனக்குள் சந்தோஷமாக இருந்தது. இந்த இடம் அவனுக்குத்தான் என்று நினைத்தேன்.

தலைவரிடம் பழைய அறிக்கையின் நகல் ஒன்று இருந்தது. எங்கே பிடித்தாரோ. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த ரேஸ்ல உங்க துடுப்பு மாட்டினதாலதான் படகு நின்னுதாமே?" என்றார்.

"ஆமா சார். என்னுதுதான்" என்றான்.

என் பக்கம் அவன் திரும்பவேயில்லை. நான் ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் வெளியே போனதும் சொல்லிவிட்டேன். தலையைத் திருப்பியது, கை சாய்ந்தது, ரொட்டி, ஜாம், மழைக்கோட்டு, எல்லாவற்றையும்.  இத்தனை வருடம் கழித்து விலாவில் அதே இடத்தில் வலித்தது. சொல்லி முடித்தபோது, அப்பாடா, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மடையன்.

கம்பெனிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூட வலிச்சவரை விட்டுக் கொடுக்க மாட்டேங்கறீங்களே, இந்த மனசு யாருக்கு சார் வரும்?" என்றார். நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை, நட்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தார். தலைவர் நம்பினார். அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"அப்போ அவர் கோச்கிட்ட பொய் சொல்லியிருக்கார்" என்றார். "இப்ப நம்ம முன்னாடியும் அதே பொய்யைக் கூசாம சொல்லிட்டுப் போறார். தண்ணியில பிள்ளைங்களை இவரை நம்பி எப்படி சார் விடறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, யார் தப்புன்னு இவர் சொல்றதை நாம எப்படி நம்பறது?"

"சார், தப்பு பண்ணினது நான். பொய்யால லாபம் அடைஞ்சதும் நான்தான்" என்றேன்.

"உங்க மேல என்ன சார் தப்பு? நீங்க வாயே திறக்கலையே."

மாட்டிய துடுப்பு அவனுடையது என்றால் அவன் நெருக்கடிக்கு ஆகாதவன். என்னுடையது என்றால் அவன் பொய்யன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனுக்குக் கதவு இல்லை, இரண்டாவது கதவைச் சாத்தியவன் நான். கத்திப் பார்த்தேன். மேசையைக்கூடத் தட்டினேன். தலைவர் எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கடைசியில் இருபத்தாறு வயதில், விளையாட்டுப் பயிற்சியில் டிப்ளமா படித்த ஒருவனை எடுத்தார்கள். என்னை மையத்தின் கௌரவ ஆலோசகராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், சந்தில் திரும்பாமல் நேராகப் போனேன். மந்தைவெளியில் பழைய அடுக்குமாடி ஒன்றின் வாசலில் வண்டி நின்றிருந்தது. அவன் கேன்களைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சி, கெடைக்கலதானே?" என்றான், நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள்ளேயே. "உன் மூஞ்சில எழுதி ஒட்டிக்கீது. வுடு. எனுக்கு அப்பவே தெரியும். ஊட்டுலதான் கட்டிலு எங்க போடறதுன்னு பேசிக்கினு இருந்தாங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். அறையில் உண்மையைச் சொன்னதையும் சொன்னேன். அவன் கை கயிற்றின் மேல் அப்படியே நின்றது.

"எத்த சொன்ன?"

"துடுப்பு என்னோடதுதான்னு."

அவன் ஒரு கேனைத் தூக்கித் திரும்பவும் வண்டியிலேயே வைத்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சத்தம்கூடப் போடவில்லை.

"இத்தினி வருசம் தொறக்காத வாயி, இப்ப இன்னாத்துக்கு தொறந்துச்சு? ஒரு வருசம் டெய்லி வந்துக்கினு இருந்தேனே, அப்ப தொறந்திருக்கலாம்ல? அப்ப எனுக்கு ஒதவியிருக்கும். இப்ப யாருக்கு ஒதவுச்சு? உனுக்குத்தான். உனுக்கு நிம்மதி வோணும். அதுக்கோசரம் சொன்ன."

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் நிறுத்தவில்லை.

"அன்னிக்கி நான் சொன்னது இருக்கே, அது யாரும் சொல்லிக்குடுத்து சொன்னதில்ல. நானா சொன்னது. செம்மஞ்சேரில நாலு மாடி ஏறச்சொல்ல நெனச்சிக்குவேன். பதக்கம் இல்ல, வேலை இல்ல, ஒரு மயிரும் இல்ல, ஆனா நானும் ஒருத்தனுக்கு ஒரு வாட்டி பெருசா ஒண்ணு செஞ்சிக்கிறேன். என் பொண்ணாண்டகூட சொன்னதில்ல. என்கிட்ட கீறது அது ஒண்ணுதான் மச்சி. அத்த கொண்டும்போயி அந்தாளுங்க கைல குடுத்து, பொய்யின்னு எழுதி வாங்கிக்கினு வந்து நிக்கிற."

 மன்னித்துவிடு என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதுவும் எனக்காகத்தான் என்று அவன் சொல்லிவிடுவான் என்று விழுங்கிவிட்டேன். மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண்மணி, "தண்ணி வருதாப்பா?" என்று குரல் கொடுத்தார்.

"வருதும்மா" என்றான். கேனைத் தூக்கினான். இருபது லிட்டர். அதைப் பிடிக்கப் போன என் கையை முழங்கையால் ஒதுக்கினான். "உன் முதுகு தாங்காது. நவுரு."

தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. இடது தோள்பட்டை வலதைவிட நன்றாக இறங்கியிருந்தது. கேன் தூக்கித் தூக்கி இறங்கியதா, முன்பே அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் ஒரே படகில் இருந்தும், அந்த முதுகைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினான். அந்த மூச்சு மட்டும் தெரிந்தது.

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஏறி இறங்க ஐந்து நிமிடமாவது ஆகும். அவன் கீழே வருவதற்குள் நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.